கட்டுரைக்கும் ஒரு சேஸிஸ் நம்பர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வந்து ஒரகடத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீள லாரிகளுக்கு வழிவிட்டபடிதான் போகவேண்டியிருக்கும். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு 1996ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010ல் ஓடத் தொடங்கியது. பாரத்பென்ஸ் லாரி 2012ல், ராயல் என்ஃபீல்டு 2013ல். இந்தச் சாலையோரம் பிறக்கும் வண்டி எதுவானாலும் அதன் உடம்பில் எழுத்தும் எண்ணுமாகப் 17 குறிகள் கொண்ட ஒரு வரி பொறித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் என்று போட்டிருப்பது அதைத்தான்.

அந்த வரியை வாசிக்கப் பழகிவிட்டால் வண்டியின் ஜாதகமே கையில் வந்துவிடும். முதல் மூன்று குறிகள் எந்த நாட்டில், யார் செய்தது என்று சொல்லும். எம்ஏஎல் என்று தொடங்கினால் இந்திய ஹூண்டாய். எம்இ3 என்றால் ராயல் என்ஃபீல்டு. நடுவில் வண்டியின் வகை, எஞ்சின் முதலான விவரங்கள். கடைசியில் வரிசை எண். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றுக்கும் இதில் இடமில்லை. ஒன்று, பூஜ்யம் போலத் தெரிந்து ஆளைக் குழப்பிவிடும் என்பதால் விலக்கி வைத்துவிட்டார்கள். ஒரு வண்டிக்குக் கொடுத்த எண்ணை 30 ஆண்டுகளுக்குள் உலகத்தில் இன்னொரு வண்டிக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி.

இதன் அருமை பிசகு நடக்கும்போதுதான் தெரியும். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் பையை ஊதவைக்கும் வெடிமருந்து அம்மோனியம் நைட்ரேட். சூடும் ஈரமும் மாறிமாறிப் பட்டு அது பல ஆண்டுகளில் கெட்டுப்போனது. விபத்தில் பை விரியும்போது மருந்து அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து, காப்பாற்ற வேண்டிய ஆளையே குத்தியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. எந்த மாதம், எந்த ஆலையில் செய்த ஊதி, எந்த வண்டியில் போனது, அந்த வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போக முடிந்ததால்தான் அது நடந்தது. தொழிற்சாலைக்காரர்கள் இதை டிரேசபிலிட்டி என்பார்கள். சின்ன நட்டுக்குக்கூடப் பேட்ச் நம்பர் உண்டு. நம்பர் இல்லாத பாகம் லைனுக்குள் நுழைய முடியாது. நிராகரித்ததைப் போடும் தொட்டியான சிவப்பு பின்னுக்குப் போய்விடும்.

இப்போது இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கும் ஓர் எஞ்சினியரை நினைத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பிஎச்.டி. பதிந்திருக்கிறார், மின்வண்டி பேட்டரியைச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. பகலெல்லாம் எண்ணில்லாத ஒரு போல்ட்டைக்கூட மேசையில் வைக்கவிடாத மனிதர். இரவு வீட்டில் அவருடைய லேப்டாப்பைத் திறந்தால் டவுன்லோட்ஸ் என்ற ஒற்றைக் கோணிக்குள் சில நூறு பிடிஎஃப்கள் கிடக்கின்றன. ஒன்றின் பெயர் ‘1-எஸ்2.0-எஸ்’ என்று தொடங்கி எண்களாக நீளுகிறது. இன்னொன்று ‘பேப்பர் ஃபைனல் (3)’. அதே கட்டுரை வேறு பெயரில் மூன்று தடவை இறங்கியிருக்கிறது. போன மாதம் எங்கோ படித்த ஒரு வரைபடம், 45 டிகிரிக்கு மேல் பேட்டரி ஆயுள் விழுவதைக் காட்டியது, எந்தக் கோப்பில் என்று தெரியவில்லை. தேடித்தேடி அலுத்துப்போய் மறுபடியும் கூகுளில் போட்டு நான்காவது தடவை இறக்கிக்கொள்கிறார்.

அவர்மேல் குற்றமில்லை. வெள்ளம் அப்படி. உலகத்தில் ஆண்டுக்கு வெளிவரும் அறிவியல் கட்டுரைகள் 30 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன. எண்ணிக்கையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து இந்தியா நிற்கிறது. இந்த வெள்ளத்தின் அளவை முதலில் கண்ணால் பார்த்தவர் டெரெக் டி சோல்லா பிரைஸ். 1940களின் கடைசியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு நூலகக் கட்டடம் இன்னும் தயாராகவில்லை. 1665ல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் தொகுதிகளைத் தன் வீட்டில் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரோரம் பத்தாண்டுக்கு ஒரு குவியலாக அடுக்கினார். அடுக்கி முடித்துப் பார்த்தால் குவியல்களின் உச்சி ஒரு வளைகோடாக ஏறிக்கொண்டே போகிறது. வங்கியில் வட்டிக்கு வட்டி ஏறும் அதே கோடு. பிற்பாடு கணக்குப் போட்டு, அறிவியல் இலக்கியம் சுமார் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றார். இரட்டிப்பாகும் எதையும் மனிதன் படித்துத் தீர்க்க முடியாது. ஆகவே, எல்லாவற்றையும் படிப்பது எப்படி என்ற கேள்வியை அப்போதே கைவிட்டிருக்க வேண்டும். வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுப்பது எப்படி என்பதுதான் பொருளுள்ள கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய முதல் வரிசை ஆட்களில் ஒருவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தபோது, நூலகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்முகத் தேர்வுக்கு முன் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் படித்ததுதான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சலித்துப்போய், மாநிலக் கல்லூரி வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை ஏறி இறங்கிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே சங்கடம் அவரை உறுத்தியது. 1876ல் வந்த டியூயி நூல் பகுப்பு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் வகுத்து அட்டவணையில் எழுதி வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு துறை முளைத்தால் அட்டவணையில் இடமிருக்காது. பக்கத்து எண்ணில் எப்படியாவது நெருக்கித் திணிக்கவேண்டும்.

விடை கிடைத்தது நூலகத்தில் இல்லை. செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் பொம்மைப் பகுதியில். அங்கே ஒருவர் மெக்கானோ பெட்டியைப் பிரித்து வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி 1901ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு அது. ஓட்டை போட்ட தகடுகள், சக்கரங்கள், அச்சுகள், நட்டு, போல்ட்டு. அதே சில பாகங்களை ஒரு விதமாக முடுக்கினால் கிரேன். கழற்றி வேறு விதமாக முடுக்கினால் வண்டி. எத்தனை பொம்மை வேண்டுமோ அத்தனையும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எதுவும் முன்கூட்டிச் செய்து வைக்கப்படவில்லை. புத்தகப் பொருளையும் இப்படிப் பாகம் பாகமாகக் கழற்றிவிட்டால்? பாகங்களுக்கு மட்டும் எண் கொடுத்துவிட்டு, வேண்டியபோது முடுக்கிக்கொண்டால்? முடுக்குவதற்கான போல்ட்டாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளியை. 1933ல் வெளிவந்த அவருடைய முறைக்கு அதனால்தான் கோலன் பகுப்புமுறை என்று பெயர். பிற்காலப் பதிப்புகளில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள்குறி எல்லாமே ஆளுக்கொரு வேலையோடு வந்து சேர்ந்தன.

நூலகவியல் மாணவர்களுக்குப் பழகிப்போன ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: 1950ல் இந்தியாவில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி. கோலன் முறையில் இதன் எண்ணைக் கட்டும்போது முதலில் மருத்துவத்துக்கு எல். பின் காற்புள்ளி, நுரையீரலுக்கு 45. அரைப்புள்ளி, காசநோய்க்கு 421. முக்காற்புள்ளி, சிகிச்சைக்கு 6. அரைப்புள்ளி, எக்ஸ்ரேக்கு 253. மறுபடி முக்காற்புள்ளி, ஆராய்ச்சிக்கு எஃப். ஒரு புள்ளி, இந்தியாவுக்கு 44. ஒற்றை மேற்கோள்குறி, 1950க்கு என்5. அலமாரியில் ஒட்டும் ஒரு சீட்டுக்குள் ஒரு முழு வாக்கியமே அடங்கிவிட்டது. உறுப்பு எது, நோய் எது, செய்தது என்ன, எங்கே, எப்போது என்று ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேள்விக்குப் பதில். நாளைக்கு எக்ஸ்ரே போய் மாத்திரை வந்தால் அந்த ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றை முடுக்கினால் போதும். உண்மையில் அப்படித்தான் வந்தது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் பலனில் ஏறக்குறைய ஒன்றே என்று 1959ல் காட்டி, உலகம் காசநோயைக் கையாளும் விதத்தையே மாற்றியது. உறுப்பு அதே, நோய் அதே, நாடும் அதே. சிகிச்சைப் பாகமும் ஆண்டும் மட்டும் மாறின.

தமிழ்நாட்டில் ரங்கநாதனை நூலகச் சட்டத்துக்காகவும் 1931ல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த முடுக்கும் யோசனைதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கட்சி. இன்றைக்கு இணையக் கடையில் சட்டை வாங்கும்போது ஓரத்தில் நிறம், அளவு, துணி, விலை என்று டிக் அடித்துக் குறுக்கிக்கொண்டே போகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது சீர்காழி மூளை. கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 1967ல் ராமானுஜனைப் பற்றிப் புத்தகம் எழுதியவரும் இவரே. கார் என்பவரின் பழைய கணிதச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்து முடித்தவற்றையும் சேர்த்துத் தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார் ராமானுஜன். தகவல் கிடைக்காத பஞ்சத்தின் விலை என்னவென்று அந்தக் கதையை எழுதிய நூலகருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

பாகம் பிரித்தாகிவிட்டது. தடம் பிடிப்பதற்கான வழி வேறொரு பக்கத்திலிருந்து, வக்கீல்களிடமிருந்து வந்தது. கோர்ட்டில் பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டும் வக்கீலுக்கு ஒரு பயம் உண்டு: அந்தத் தீர்ப்பை மேல்கோர்ட் இடையில் ரத்து செய்திருந்தால் மானம் போய்விடும். அமெரிக்காவில் 1873லிருந்தே இதற்காக ஷெப்பர்ட் என்பவரின் பட்டியல் இருந்தது. எந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தத் தீர்ப்பு ஏற்றது, எது மறுத்தது என்று வரிசையாகக் காட்டும். யூஜின் கார்ஃபீல்டு அதைப் பார்த்துவிட்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று ஏன் கூடாது என்று 1955ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். தவறான, பழசாகிப்போன முடிவுகளை ஆராய்ச்சியாளர்கள் தெரியாமல் எடுத்தாளுவதைத் தடுப்பதுதான் அவர் சொன்ன முக்கியமான காரணம். 1960களில் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வந்தது. ஒரு கட்டுரை யாரையெல்லாம் மேற்கோள் காட்டுகிறது என்பது அதன் கடைசிப் பக்கத்திலேயே இருக்கும். அதை யாரெல்லாம் பிற்பாடு மேற்கோள் காட்டினார்கள் என்பது அந்தக் கட்டுரைக்கே தெரியாது. அட்டவணை இந்த இரண்டாவது திசையைத் திறந்துவிட்டது. இணையப் பக்கங்களைத் தரம் பிரிக்கும் கூகுளின் கணக்கும், 2004ல் வந்த கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே எத்தனை மேற்கோள் என்று காட்டும் சின்ன வரியும் இதன் வாரிசுகள்தான். வருத்தம் என்னவென்றால், பிசகைத் தேட வந்த கருவியைப் பதவி உயர்வுக்கு மார்க் போடும் கருவியாக ஆக்கிவிட்டோம்.

இவ்வளவும் சரியாக ஓடவேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். இணைய முகவரியை நம்ப முடியாது. பதிப்பகம் கைமாறும், தளம் மாறும், பக்கம் காணாமல் போகும். 2000ல் பதிப்பகங்கள் கூடிக் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பைத் தொடங்கி டிஓஐ எண்ணைக் கொடுக்க ஆரம்பித்தன. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த 1953 கட்டுரைக்கும் அப்படி ஓர் எண் உண்டு: 10.1038/171737ஏ0. பத்து என்று தொடங்கினால் டிஓஐ. 1038 ‘நேச்சர்’ இதழின் பதிப்பகம். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது பதிப்பகத்தின் இஷ்டம். இங்கே 171 என்பது தொகுதி, 737 பக்கம். கட்டுரை வந்தபோது இப்படி ஓர் எண் முறையே கிடையாது. பின்னால் வந்து பொறித்திருக்கிறார்கள். 2015ல் அந்தப் பதிப்பகம் ஸ்பிரிங்கருடன் இணைந்தது. எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எண் எந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும் என்ற பதிவை மட்டும் பின்னால் மாற்றிக்கொண்டே வருவார்கள்.

நம் எஞ்சினியர் கற்றுக்கொள்ளவேண்டிய கருவியின் சூட்சுமமும் இந்த எண்தான். ஸோட்டேரோ என்று ஓர் இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைக்காரர்கள் 2006ல் வெளியிட்டது. அதைப் போல மெண்ட்லி என்று ஒன்று உண்டு. அதை 2013ல் எல்ஸ்வியர் பதிப்பகம் வாங்கிவிட்டது. என் ஓட்டு ஸோட்டேரோவுக்குத்தான். பிரௌசரில் ஒரு கட்டுரைப் பக்கத்தைத் திறந்தால், ஓரத்திலிருக்கும் ஸோட்டேரோ பொத்தான் கட்டுரைத் தாள் போல உருமாறும். அழுத்தியதும், கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக்குள் பதிந்திருக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ், டிஓஐ எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. பழைய பிடிஎஃப் குப்பையை அப்படியே இழுத்து உள்ளே போட்டாலும் பரவாயில்லை. முதல் சில பக்கங்களைப் படித்து டிஓஐயைத் தேடிப் பிடித்து, பதிவேட்டில் விசாரித்து, முழு விவரத்தையும் வாங்கி வந்துவிடும். ‘1-எஸ்2.0’ என்று கிடந்த கோப்பு ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு உட்காரும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் பாணிகள் மட்டும் அதில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓர் இதழ் திருப்பி அனுப்பினால் வேறொன்றின் பாணிக்கு மாற்ற ஒரு நொடி. முன்பெல்லாம் இதற்கு இரண்டு இரவு போகும்.

இந்த வசதிகளைக் காட்டித்தான் பட்டறைகளில் கருவியை விற்பார்கள். இவையெல்லாம் இல்லாவிட்டாலும் ஸோட்டேரோவை ஒரே காரணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். கட்டுரைகளும் ரீகால் ஆகின்றன.

பொய்யென்றோ பிழையென்றோ தெரிந்தால் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறும். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டு கட்டுரை 1998ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. திரும்பப் பெற 2010 ஆயிற்று. அதற்குள் அது செய்த கேடு ஊரறிந்தது. 2023ல் மட்டும் உலக அளவில் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதில் 8,000க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் போலிப் பட்டறைகளின் சரக்கு பெரும்பாலும். கார் ரீகால் ஆனால் சொந்தக்காரருக்குக் கடிதம் வரும், சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும். கட்டுரை ரீகால் ஆனால், மூன்று ஆண்டுக்கு முன் இறக்கி வைத்திருப்பவரின் லேப்டாப்புக்கு யார் போய்ச் சொல்வது? இறக்கிய பிடிஎஃப் பழையபடி சிரித்துக்கொண்டே இருக்கும். 2010ல் தொடங்கிய ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தளம் இவற்றையெல்லாம் திரட்டிப் பட்டியல் போட்டது. 2019லிருந்து ஸோட்டேரோ அந்தப் பட்டியலோடு நம் சேகரத்தின் டிஓஐ எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சிக்கினால் திரையின் மேல்பக்கத்தில் சிவப்புப் பட்டை விழும். யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பது தங்கள் சர்வருக்கே தெரியாதபடி, எண்ணின் ஒரு துண்டை மட்டும் அனுப்பி ஒப்பிடுவது அவர்கள் செய்த நல்ல காரியம். தொழிற்சாலையில் எஞ்சினியர் தினமும் பார்க்கும் சிவப்பு பின் இங்கேயும் உண்டு என்று காட்டிவிட்டால் மற்றதை அவர் தானே கற்றுக்கொள்வார்.

இந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவைத் தொடாமல் போக முடியாது. தலைப்பைக் கொடுத்தால் பத்துக் கட்டுரைகளைச் சுருக்கித் தருகிறேன் என்று ஆளாளுக்கு ஒரு செயலி. சுருக்கம் பல நேரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இல்லாத கட்டுரைக்கு, இருக்கிற ஆசிரியர் பெயரைப் போட்டு, நம்பும்படியான தலைப்பும் பக்க எண்ணும் கொடுத்துவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. 2023ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து தந்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தீர்ப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை 1873லிருந்து வைத்திருந்த நாட்டிலேயே! செயலி தரும் ஒவ்வொரு மேற்கோளையும் டிஓஐ தளத்தில் போட்டுப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். எண் திறக்கவில்லை என்றாலோ, திறந்து வேறொரு கட்டுரையில் கொண்டுபோய் விட்டாலோ, சந்தேகப்படவேண்டியதுதான்.

கட்டுரைக்கு எண் வந்த பிறகும் ஆளுக்கு வராமலிருந்தது. இதில் நம் இனிஷியல் படுத்தும் பாடு தனி. எஸ். முருகன் என்று ஒருவர், அப்பா சுப்பிரமணியன். ஓர் இதழில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும் கட்டத்தில் முருகன் என்று போடுவார். இன்னொன்றில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சுப்பிரமணியன். தரவுத்தளம் அவரை இரண்டு ஆளாக்கிவிடும். மறுபுறம், எஸ். முருகன் என்ற பெயரிலுள்ள அத்தனை பேரையும் ஒரே ஆளாக்கி, பாலிமரும் பாசனமும் புற்றுநோயும் ஒருவரே ஆராய்ந்ததாகக் காட்டும். ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சுமந்த சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், பட்டியல் அட்டையில் இந்தியப் பெயர்களை எப்படி எழுதுவது என்று மல்லுக்கட்டியதில் வியப்பில்லை. 2012ல் வந்த ஆர்க்கிட் எண் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆராய்ச்சியாளருக்கு 16 இலக்கத்தில், இலவசமாக.

அதன் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. மாதிரிக்கு அவர்களே காட்டும் எண் 0000-0002-1825-0097. முதல் 15 இலக்கங்களை இடமிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் கையிருப்போடு கூட்டி இரண்டால் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். பூஜ்யங்கள் போக முதலில் 2, பெருக்கினால் 4. அடுத்து 1 கூட்டிப் பெருக்க 10. அப்புறம் 36, 76, 162, 324, 648, கடைசியாக 9 கூட்டிப் பெருக்க 1314. இதைப் 11ஆல் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டிலிருந்து 5 போனால் 7. எண்ணின் கடைசியில் இருப்பதும் 7. தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு உதைக்கும். பதினொன்று பகா எண் என்பதால் வரும் வசதி இது. விடை 10 வந்தால் ஓரிலக்கத்தில் எழுத முடியாதே என்று எக்ஸ் போடுவார்கள். அமெரிக்காவில் விற்கும் கார்களின் சேஸிஸ் நம்பரில் ஒன்பதாம் இடத்திலும் இப்படி ஒரு காவலாளி உண்டு. அங்கும் பத்துக்கு எக்ஸ்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி எண்ணுக்குச் சொந்தக்காரரான ஜோசையா கார்பெர்ரி என்ற பேராசிரியர் உலகத்திலேயே கிடையாது. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1929ல் யாரோ குறும்புக்கு ஒட்டிய அறிவிப்பில் பிறந்தவர். விரிசல் விட்ட பானைகளில் நிபுணராம். எண் சரியாக இருப்பதால் ஆள் இருக்கிறார் என்றோ, கட்டுரை உண்மை என்றோ ஆகிவிடாது. ஹிந்தாவியின் போலிகளுக்கும் முறையான டிஓஐ இருந்தது. எண் கொடுப்பது தடத்தை மட்டும். அந்தத் தடம் இருந்ததால்தான் அவற்றைத் திரும்ப அழைக்கவும் முடிந்தது.

கண்டுபிடித்துவிட்டோம், வகைப்படுத்திவிட்டோம், திறந்து படிக்கக் காசு வேண்டுமே. ஒரே நாடு ஒரே சந்தா என்று மத்திய அரசு 2024 நவம்பரில் ஒரு திட்டத்தை ஏற்றது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல காரியம். ஆனால் முதல் கட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும்தான். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார். தொழிற்சாலைகளோ கணக்கிலேயே வராது. தொழிற்பேட்டையில் பகல் முழுக்க இருக்கும் பகுதிநேர ஆய்வாளர் தன் பல்கலைக்கழகக் கணக்கின் வழியாகத்தான் உள்ளே நுழையவேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்காவில் இலவசமாகவே கிடைக்கின்றன. முந்தைய ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்லும் அவற்றின் அத்தியாயங்களைப் பலரும் தாண்டிவிடுவார்கள். ஆனால் நம் பக்கத்து வெயிலில் பேட்டரியை வைத்துப் பார்த்தவர்களின் விவரம் வெளிநாட்டு இதழைவிட அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஸோட்டேரோவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் குறிச்சொல் ஒட்ட ஓர் இடம் உண்டு. பெரும்பாலோர் ‘முக்கியம்’, ‘படிக்கவேண்டும்’ என்று ஒட்டிவைப்பார்கள். சில மாதங்களில் எல்லாமே முக்கியமாகிவிடும். அங்கே ரங்கநாதனின் போல்ட்டை எடுத்து முடுக்கிப் பார்க்கலாம். எந்த வகை செல், குளிர்விக்கும் தகடு எந்த உலோகம், குளிர்விப்பது காற்றா திரவமா, எந்த ஊர் வெப்பநிலையில் சோதித்தது, எந்த ஆண்டு என்று கட்டுரைக்கு ஐந்து சொற்கள் போதும். கூடவே, இதை ஏன் எடுத்துவைத்தேன் என்று குறிப்பில் ஒரு வரி, தமிழிலேயே. அதன் பிறகு அலுமினியத் தகடு, திரவம், 40 டிகிரிக்கு மேல் என்று மூன்றைச் சொடுக்கினால் நூற்றுக்கணக்கில் கிடந்த குவியல் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். அவற்றையாவது முழுதாகப் படிக்கவேண்டும். அந்த வேலையை யாரும் செய்து தரமாட்டார்கள். அந்தச் சிலவற்றிலும் ஒன்றிரண்டு காசு கேட்கும் கதவுக்குப் பின்னால் இருக்கும். அதற்காக 40 டாலர் கட்டவேண்டாம். முதல் பக்கத்தின் அடியில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். ஒரகடத்திலிருந்து எழுதுகிறேன், பேட்டரிச் சூடு என் தலைப்பு, உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று நாலு வரி எழுதினால் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள். தங்கள் கட்டுரையை ஒருவர் உண்மையிலேயே படிக்கப்போகிறார் என்பதே அவர்களுக்கு அபூர்வம்.